வராத மருந்தை நம்பிய உன் அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிரில் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் தினமும் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இங்கே நாங்கள் இருக்கிறோம், நன்றாக இருக்கிறோமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், நான் வாயைத் திறந்ததும் போனைப் பிடுங்கிக்கொள்வார், அதனால்தான் கடிதம். கோபத்தில் எழுதுவது என் கோணல் கையெழுத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும். மாடி வீட்டுக் குழாய் உடைந்து நம் சமையலறைச் சுவரெல்லாம் ஈரம், உன் தம்பி வந்து பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லியே மழைக்காலத்தை ஓட்டிவிட்டான், அதெல்லாம் கிடக்கட்டும். அப்பா உன்னிடம் லேசான தலைசுற்றல் என்றுதானே சொன்னார்? அது தலைசுற்றல் இல்லை. என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் ஒரு பாட்டு டீச்சர் கார் ஓட்டப் பழகுகிறார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, முன்னால் போகிறவர் மனசு நோகுமோ என்று ஹாரன் அடிக்கவே தயங்குவாரே, அவர்தான். இந்த ஜன்மத்தில் இந்த அம்மாவுக்கு ரிவர்ஸ் வராது என்று அப்பா வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொள்வார். போன வாரத்துக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் மார்க்கெட் பக்கம் போயிருக்கிறார்கள். திருப்பத்தில் அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார், டீச்சருக்குப் புரியவில்லை, கோபத்தில் முணுமுணுக்கிறார் என்று நினைத்து, "சார், எந்தப் பக்கம் சார்?" என்று மறுபடி கேட்டிருக்கிறார். பதிலுக்கு வந்தது பேச்சே இல்லை, வெறும் குழறல். திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வலது கை துவண்டு மடியில் கிடக்கிறது. பாவம், அந்த டீச்சர் ஆடிப்போய்விட்டார். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு அழுதுகொண்டு நிற்கவில்லை, இரண்டாவது கியரிலேயே ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். இதில் உன் அப்பா செய்த கூத்தைக் கேள். பேச்சு இல்லை, கை இல்லை, ஆனால் கால் நன்றாக வேலை செய்திருக்கிறது! ஒவ்வொரு பஸ்ஸைக் கண்டதும் கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கத்தில் இருக்கும் பிரேக்கைப் போட்டு அழுத்தியிருக்கிறார். டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், அந்தக் காலை எடுங்க சார்!" என்று கத்தியிருக்கிறார். அவசரப் பிரிவு வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே வண்டியை நிறுத்தி, ஆம்புலன்ஸ் டிரைவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

நான் போய்ச் சேர்வதற்குள் கையும் வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு எனக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்கிறார். கழுத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர் ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "குழாய்ல அழுக்கு அடைச்சுக்கிட்ட மாதிரி நெனைக்காதீங்கம்மா. மூளைக்குப் போற ரத்தக்குழாயோட சுவத்துக்குள்ள கொழுப்பு சேந்து அது புண்ணு மாதிரி அழன்று கெடக்கு. மேல மூடியிருக்கறது ரொம்ப மெல்லிசு. அது கிழிஞ்சா அங்கயே ரத்தம் கட்டி, துணுக்கு ஒடஞ்சு மூளைக்குப் போகும். இன்னைக்குப் போனது சின்னத் துணுக்கு, தானா கரைஞ்சிடுச்சு" என்றார். அடுத்தது கரையாமல் போகலாம் என்பதை அவர் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. பிறகு, கொழுப்புக்குக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நானே தினமும் கையில் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். உள்ளே வந்து பார்த்தால் உன் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா?

சில மாதமாகவே அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் பையில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருக்கும். சோப்புத்தூள் கலப்படம் என்று நான் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன், பாப்பா, அந்த மனுஷன் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? கொடுத்த மாத்திரையை வாயில் போடுவது போல் கையைக் கொண்டு போய், தண்ணீரைக் குடித்துவிட்டு, மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பாதி வழியில் எறிவாராம், மறந்தது துணியோடு கரைந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால், அந்த மாத்திரை போட்டால் தொடையெல்லாம் வலி, கிளட்சை மிதிக்க முடியவில்லை என்கிறார். சரி, அதை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? அப்போது வந்தது பார் உன் பெயர். "இது ஊரெல்லாம் சுத்திட்டுக் கால்ல வலியக் குடுக்குது. எம் பொண்ணு செய்யற மருந்து நேரா புண்ணு இருக்கற எடத்துக்கே போய் நிக்கும், வேற எங்கயும் கை வெக்காது. அது வர்ற வரைக்கும் சமாளிச்சுக்கலாம்னு இருந்தேன்" என்று அந்த டாக்டரிடமே சொல்கிறார், பெருமை வேறு!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, உன் மேல் பாதி. என்னோடு பேசினால் சாப்பிட்டியா, மூட்டு வலி எப்படி என்று இரண்டு கேள்வியோடு முடித்துக்கொள்கிறாய். அவரோடு மட்டும் ஒரு மணி நேரம். தூசியைவிடச் சின்னப் பொட்டலம், உள்ளே மருந்து, அழன்ற இடத்தில் கொழுப்பைத் தின்று வீங்கிக் கிடக்கும் அணுக்கள் மட்டும் அதை விழுங்கும், அந்த மருந்தையே உடம்பு முழுக்க விட்டால் ரத்தம் குறைந்துபோகும் என்பதால்தான் இத்தனை பாடு என்றெல்லாம் நீ சொல்லியிருக்கிறாய், அவர் எழுத்து பிசகாமல் ஒப்பிக்கிறார். எலிக்குக் கொடுத்ததில் புண் ஆறியது என்று சொன்னாயாம், மகிழ்ச்சிதான். ஆனால் எத்தனை முறை சரிவராமல் போனது என்று சொன்னாயா? டாக்டர் அவரிடம் பொறுமையாகத்தான் சொன்னார், "உங்க பொண்ணு செய்யறது நல்ல வேலை சார். ஆனா மனுஷங்களுக்கு வர்றதுக்கு வருஷக்கணக்காகலாம், வராமலும் போகலாம். வந்தாலும் இந்த மாத்திரைய நிறுத்தச் சொல்ல மாட்டாங்க" என்று. உன் அப்பா சிரித்துக்கொண்டே, "எம் பொண்ண உங்களுக்குத் தெரியாதும்மா" என்கிறார். அந்த டாக்டர் பெண் என்னைப் பார்த்தது, நான் சுவரைப் பார்த்தேன். கால் வலிக்கு டாக்டர் செய்தது இவ்வளவுதான், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இப்போது வலி பாதிக்குப் பாதி இல்லை. இதைக் கேட்டு வாங்க வாய் வராமல்தான் சாவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார் மனுஷன்.

இதற்கு மேல் போன ஞாயிற்றுக்கிழமை போன். நான் ஒளிந்து கேட்கவில்லை, அப்பா ஸ்பீக்கரில்தான் வைத்திருந்தார். "என் மேலயே போட்டுப் பாக்கலாமே பாப்பா, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். நீ, "பாக்கலாம்ப்பா, சீக்கிரம் கொண்டு வந்துடறேன்" என்றாய். முடியாது என்று சொல்ல உனக்கு மனசு வரவில்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் அன்று முழுக்க வீட்டுக்குள் வளைய வந்தார். மறுநாள் காலையில் மாத்திரையை நீட்டினால், இன்னும் கொஞ்ச நாள்தானே என்கிறார். இப்போது எதிரில் உட்கார்ந்து, முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன், ஜெயிலர் என்று திட்டிக்கொண்டே காட்டுகிறார். வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருப்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் யார் வண்டியை நிறுத்தினாலும் குறை சொல்கிறார். நேற்று அந்த டீச்சர் பார்க்க வந்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா ஓட்டினீங்க" என்றார். அந்தக் குரலில்தான் அவர் பயந்துபோயிருப்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தை மறைக்கத்தான் உன் மருந்தைப் போர்த்திக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

நீ ராப்பகலாக ஆராய்ச்சிக்கூடத்திலேயே கிடப்பதாக உன் தம்பி சொன்னான். பாப்பா, நன்றாகக் கேட்டுக்கொள். அப்பாவைக் காப்பாற்றும் வேலை உன்னுடையது இல்லை. மாத்திரை இருக்கிறது, அதை முழுங்க அவர் இருக்கிறார், முழுங்கினாரா என்று பார்க்க நான் இருக்கிறேன். உன் மருந்தை அவசரப்பட்டுச் செய்யாதே. நாளைக்கு அது யாரோ ஒருவர் உடம்பில் ஏறப் போகிறது, அவர் வீட்டிலும் ஒருத்தி என்னை மாதிரி வாசலில் நின்றுகொண்டிருப்பாள். நிதானமாகச் செய், சரிவராவிட்டால் சரிவரவில்லை என்று சொல், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு கட்டிக்கொண்டு வெளியே போகாதே. நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, நல்ல பெயரோடு நீ இருக்க வேண்டும், எப்போதும் என் ஆசி உனக்கு உண்டு. ஒன்றே ஒன்று மறக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "உங்களுக்கு அது கெடைக்காதுப்பா, மாத்திரையப் போடுங்க" என்று உன் வாயால் சொல்லிவிடு. நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ அழாமல் சொல்ல வேண்டும். போனை வைத்த பிறகு அழுதுகொள், நானும் இங்கே அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் அதைவிட அதிகமாகப் பாசமும் உள்ள
அம்மா