ஆய்வேட்டில் வைத்த மல்லிகை

என்னங்க,

போனை எடுக்க மாட்டேங்கிறீக, அதான் எழுதுறேன். இன்னொருத்தர் ஆய்வைக் காப்பியடிச்சதாப் புகாராம். உங்க முனைவர் பட்டத்தை ஏன் ரத்து பண்ணக்கூடாதுன்னு பல்கலைக்கழகத்துல கேட்டிருக்காக. "எல்லாம் பொறாமை"ன்னுட்டுச் சென்னைக்குக் கிளம்பிட்டீக.

பொறாமைன்னா ஆய்வேட்டை எதுக்கு பீரோவுல பூட்டணும்? திறந்து படிச்சேன்.

தேவகோட்டைக் கல்யாண வீடுகளைப் பத்தி அழகாத்தான் எழுதியிருக்கீக. "வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் பெண்களோடு அமர்ந்திருந்தேன். ஓர் ஆச்சி எனக்குச் சடை பின்னி மல்லிகை வைத்துவிட்டார்."

நம்ம கல்யாணத்தப்பவே உங்களுக்கு வழுக்கை.

அது யாரு சடை? அவ கொடுத்தாளா, நீங்களா எடுத்தீகளா? பல்கலைக்கழகத்துக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குப் பதில் சொல்லுங்க. வாசல்ல இருந்த "முனைவர்" பலகையை நானே கழட்டிட்டேன்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உங்க வீட்டுக்காரி