மாதம்மாள் வாசல் தாண்டியது

1983, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

என் எழுத்து கோட்டில் நிற்காமல் ஏறி இறங்குகிறது. படிக்கப்போகும் நானே பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புருஷன் இறந்ததிலிருந்து, எங்களோடு எழுதப் படிக்கக் கற்கும் மாதம்மாள் முதியோர் பள்ளிக்கு வரவில்லை. மூன்று மாதம் வாசல் தாண்டக் கூடாதாம். அதற்குள் படித்தது மறந்துபோனால் பால்வாடி வேலை கிடைக்காது. அதனால் இன்று நாங்கள் எட்டுப் பேரும் வாத்தியாரோடு அவள் வீட்டுக்கே போனோம்.

"சாவு வூட்டுல என்னங்க படிப்பு?" என்று மாமியார் கத்தினாள்.

"அவ உள்ளயே இருக்கட்டும். நீங்க சிலேட்டுப் பலகைய மட்டும் கொண்டுபோய்க் குடுங்கம்மா," என்றேன்.

மாதம்மாள் உள்ளே எழுத, வாத்தியார் வெளியே திருத்த, மாமியார் பலகையோடு உள்ளேயும் வெளியேயும் நடந்தாள். ஏழாவது நடையில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம் முட்டி போச்சுடி! நீயே வெளிய வந்து எழுது."

மாதம்மாள் வந்து எங்களோடு உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கே வந்துவிட்டால் அதையும் எழுதுவேன்.