கழற்றி வைத்த சக்கரம்

அன்பு மகனுக்கு, அம்மா சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம்; நீயும் அப்படித்தான் இருக்கிறாயா என்பதை மறைக்காமல் எழுது. போனில் எப்போது கேட்டாலும் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்கிறாய், எனக்கு நம்பிக்கையில்லை. முன்னறையில் அப்பா வைத்திருக்கும் சலவைக் கடைக்கு லாட்ஜ் விரிப்புகள் மொத்தமும் வந்துவிட்டன, கை ஓய்வதில்லை. தெருவில்தான் நிம்மதி இல்லை. கீழ்க்கோடி வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டுவதில்லை என்று ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். இவளுடைய அறிவியல் வாத்தியார் மலிவாகக் கிடைக்கிற குட்டிச் சக்கரங்களை வாங்கிவந்து, பிள்ளைகளை விட்டு வீட்டுக்கு வீடு குழாயில் மாட்டியிருக்கிறார். தண்ணீர் ஓடினால் அது சுற்றுமாம், எவ்வளவு ஓடியது என்று பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்குத் தானாகவே தகவல் போகுமாம். நம் வீட்டுச் சக்கரம் பழுது, கழற்றி வைத்துவிட்டேன். படிக்கிற பெண்ணுக்கு எதற்கு ஊர் வம்பு? நீ சொன்னால் கேட்பாள், சொல்லு. வேளைக்குச் சாப்பிடு. பனியில் அலையாதே.

அண்ணா, அம்மா சொன்னது இதோடு முடிந்தது. மடித்து உன் சட்டைப் பார்சலுக்குள் வைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். இனி எழுதுவது நான். விளக்கைப் போடவில்லை, சமையலறை ஜன்னல் வழியாக விழும் தெருவிளக்கு வெளிச்சம்தான், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே நிற்பார். அந்தச் சக்கரம் பழுதில்லை. வாயால் ஊதிப் பார்த்தேன், நன்றாகச் சுற்றுகிறது.

தெருவில் எல்லோருக்கும் சந்தேகம், குழாயில் நமக்கு முந்தித் தண்ணீர் வருகிற பக்கத்து வீட்டு ஓட்டல்காரர் மேல்தான். அவர் வாசல் எப்போதும் ஈரமாக இருக்கிறதாம், அதுதான் சாட்சியாம். கீழ்க்கோடித் தையல்கார அக்கா போன வாரம் காலிக் குடத்தை அவர் கல்லா மேலேயே வைத்து, “எங்க தண்ணிய எங்களுக்கே டம்ளர்ல ஊத்தி விக்கிறீங்களே, கை கூசலையா?” என்று கேட்டுவிட்டார். அக்காவின் மாமனார் படுத்த படுக்கை, உடம்பைத் துடைத்துவிடக்கூடத் தண்ணீர் இல்லை. ஓட்டல்காரர் அழாத குறையாக, வேண்டுமானால் என் குழாயில் இரண்டு சக்கரமாக மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் கூட்டத்தில் அப்பாவும் நின்றார். “மோட்டார் வச்சு உறிஞ்சுறவன சும்மா விடக்கூடாது” என்று அவர்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சத்தம் போட்டார்.

கம்ப்யூட்டரைத் தினமும் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. ஓட்டல் வரைக்கும் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. நம் வீட்டைத் தாண்டியதும் அடுத்த வீட்டுச் சக்கரம் நின்றுவிடுகிறது. கடைக்கு விடுமுறை விடுகிற நாளில் மட்டும் கீழ்க்கோடி வரை எல்லாமே சுற்றுகின்றன. நம்முடையதைக் கழற்றிவிட்டால் நம்மைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள் என்று அம்மா நினைத்துவிட்டாள். இரண்டு பக்கத்துச் சக்கரங்களும் நம் வீட்டைப் பார்த்துத்தான் கை நீட்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது. தண்ணீர் வருகிற நேரம் பார்த்து அம்மா ஏன் மிக்சியை ஓட்டுகிறாள், அதுவும் உள்ளே ஒன்றும் போடாமல்? துவைக்கிற அறைக்கு ஏன் புதுப்பூட்டு? நேற்று அப்பா பூட்ட மறந்துவிட்டார். வாளிகளுக்குப் பின்னால் ஒரு சாக்கு, சாக்குக்குள் மோட்டார். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. அதன் சத்தம் வெளியே கேட்காமலிருக்கத்தான் அம்மாவின் மிக்சி. அண்ணா, லாட்ஜ் வேலையைப் பிடித்துக் கொடுத்தது உன் சிநேகிதன்தானே, உனக்கும் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அதையும் முழுசாக நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கூட்டி, வாத்தியார் கணக்கைத் திரையில் காட்டப்போகிறார். வீடு வீடாகப் படித்துச் சொல்லப்போவது நான். என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார், ஏதாவது தெரிந்துதானோ என்று அதிலும் ஒரு சந்தேகம். அப்பா அடிப்பார் என்றுகூட அவ்வளவு பயமில்லை, தையல்கார அக்கா என்னைப் பார்க்கப்போகிற பார்வைக்குத்தான் பயம். பார்சல் கைக்கு வந்ததும் நீ அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. அவரே மோட்டாரைத் தூக்கிக்கொண்டுபோய் எல்லார் முன்னாலும் வைத்துவிட்டால் திட்டுவார்கள், ஆனால் திட்டி முடித்துவிடுவார்கள். அதை என் வாயால் வரவைத்துவிடாதே. நீ பேசாவிட்டால் வந்துதான் தீரும், அண்ணா. ஓட்டல்காரரைக் காட்டிப் படிக்க எனக்கு நாக்கு எழாது.

நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு என்று அம்மா சொல்லச் சொன்னாள், மேலே எழுத விட்டுப்போயிற்று. ஞாபகம் வைத்துக்கொள், நான் எழுதினேன் என்று சொல்லாதே. தெருவில் தண்ணீர் எப்படி என்று நீயாகக் கேட்பதுபோல ஆரம்பி. அப்பா சட்டென்று பதில் சொல்லாமல் நின்றால் போனை வைத்துவிடாதே, கொஞ்சம் காத்திரு.

இப்படிக்கு,
அம்மாவுக்குத் தெரியாமல்,
உன் தங்கை