உலக்கை வக்கீல்

நாகர்கோவில்,
1-2-1954

சௌபாக்கியவதி தாணம்மாளுக்கு ஆசியுடன் எழுதுவது.

பொங்கல் கழிந்து, கரிநாளுக்கு மறுநாள் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் பூதப்பாண்டிக்குப் போனாய். தை பாதிக்கு மேல் ஆகிவிட்டது. மாமாவுக்கோ மாமிக்கோ உடல்நலமில்லை என்றால் தெரிவிக்கவும். வேறு காரணம் இருந்தாலும் தெரிவிக்கவும். நானாக ஊகித்துக்கொள்வது முறையன்று.

நான் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டின் பின்கட்டில் கடைசல் பட்டறை போட்டது பற்றி மாமா சொல்லுவதைப் பிறர் வாயால் கேள்விப்பட்டேன். அவர் என்னிடம் நேரில் ஏதும் கேட்காத வரையில் அவருக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவனல்ல. உனக்குச் சொல்லக் கடமைப்பட்டவன்.

பில்லியர்ட்ஸ் ஆடும் கோல்கள் இதுவரை சீமையிலிருந்து வந்தன. இப்போது இறக்குமதி லைசென்ஸ் எளிதில் கிடைப்பதில்லை. கிளப்புகளில் வளைந்த கோலையும் முனைத்தோல் தேய்ந்த கோலையும் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆடுகிறவரின் உயரம், கை நீளம், குனிந்து நிற்கும் வாகு ஆகியவற்றைப் பார்த்து அவருக்கென்றே ஒரு கோலைச் செய்து தருபவர் நானறிய இப்பக்கத்தில் வேறு எவருமில்லை. கீரிப்பாறைக்கு மேலுள்ள தோட்டத் துரைமாரின் கிளப் உத்தரவு கொடுத்த நான்கு கோல்களைச் சென்ற மாதமே அனுப்பிவிட்டேன். அவர்களுக்குப் பிடித்தால் திருவனந்தபுரத்திலும் கேட்பார்கள் என்று நம்ப இடமுண்டு.

மரம் பற்றியும் உனக்கு ஐயம் இருக்கலாம். கைப்பிடிப் பாகத்துக்குக் கனத்த மரம் வேண்டும். கருங்காலியும் ஈட்டியும் யாருடைய தோட்டத்தில் நின்றாலும் சர்க்கார் மரம். சீட்டில்லாமல் வெட்டினால் வழக்கு. ஆகவே நான் பழைய உலக்கைகளை விலைக்கு வாங்குகிறேன். நெல் குத்தும் மில் ஊர்தோறும் வந்துவிட்டதால் அவை வீடுகளில் சும்மா சாத்திக் கிடக்கின்றன. பல வருஷம் உலர்ந்து, இனி வளைய வழியில்லாத மரம். என் கடைசல்காரர் சிலுவைதாசன் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வாங்கி வருகிறார். இதில் சட்டப்படி எவ்விதக் குறையும் இல்லை.

உன்னை வரும்படி வற்புறுத்த இதை எழுதவில்லை. வருவதும் வராததும் உன் சுயேச்சையான முடிவாக இருக்க வேண்டும்.

நாராயணபெருமாள்


பூதப்பாண்டி,
தை மாதம் 24

அன்புள்ள அத்தானுக்குத் தாணம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை அப்பா முதலில் படித்துவிட்டு, "இந்தா, சம்மன் வந்திருக்கு, வாங்கிக்கோ" என்று என்னிடம் நீட்டினார். நானும் படித்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

இங்கே எல்லோரும் சுகம். தோட்டத்தில் சேனை தோண்டியாகிவிட்டது. நீங்கள் இல்லாமல் அம்மை எரிசேரி வைக்க மாட்டேன் என்கிறாள். இனி காரணம் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

கோவிலில் மேலத்தெரு சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, உனக்க மாப்பிள்ளை கறுத்த கோட்டைக் களத்திப் போட்டுட்டு வெள்ளக்காரனுக்குக் கம்பு சீவுகாராமே?" என்றாள். "கம்பு இல்ல சித்தி, கோலாக்கும்" என்றேன். "கோலோ கம்போ, ரெண்டும் மாட்டைத்தானே அடிக்கும்?" என்றாள். பிராகாரத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது புதன்கிழமை நடந்தது. தங்கையைப் பெண் பார்க்க சுசீந்திரத்திலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாசலில் ஒரு சைக்கிள் மணி. "அம்மோ, பழைய உலக்கை வல்லதும் கெடக்கா? கருங்காலியானா நல்ல வெல." உங்கள் சிலுவைதாசன்தான். அவருக்கு இது யார் வீடு என்று தெரியாது. அப்பா எழுந்து போவதற்குள் வந்தவர்களில் ஒருவர், "உலக்கை யாருக்குடே?" என்று கேட்டுவிட்டார். "நாகர்கோவில் நாராயணபெருமாள் வக்கீலுக்க பட்டறைக்காக்கும். உலக்கை வக்கீல்னு சொன்னா இப்போ எல்லாருக்கும் தெரியும்லா!" என்று அவர் பெருமையாகவே சொன்னார். வந்தவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அன்று சாயங்காலமே அப்பா பத்திரம் எழுதுகிறவரை வரவழைத்தார். நம் இருவருக்கும் பந்தம் தீர்ந்தது என்று எழுதிய நகல் உங்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது. நம் சமுதாயச் சட்டப்படி இரண்டு பேரும் ரிஜிஸ்திரார் முன்னால் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் அதைக் கிழித்துப் போடுவதாக அப்பா சொல்கிறார்.

நான் அவரிடம் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
தாணம்மாள்


நாகர்கோவில்,
10-2-1954

சௌபாக்கியவதி தாணம்மாளுக்கு,

உன் கடிதமும் மாமா அனுப்பிய நகலும் ஒரே நாளில் கிடைத்தன.

சிலுவைதாசன் செய்தது அறியாமையால் நேர்ந்தது. பூதப்பாண்டிப் பக்கம் போகக்கூடாது என்று அவரிடம் நான் சொல்லி வைத்திருக்க வேண்டும். தங்கையின் சம்பந்தம் இதனால் தட்டிப்போயிருந்தால் அந்தப் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. மாமாவிடம் இதைத் தெரிவிக்கலாம்.

மீண்டும் கோர்ட்டுக்குப் போவது பற்றி: அது இயலாது. நான் அங்கே பிறர் சொன்னதை நம்பி, அதையே நிலைநாட்ட வாதாடினேன். நம்பியது சரியா என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. இங்கே ஒரு கோலைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினால், நான் செய்தது நேரா கோணலா என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. இதை ஒரு காரணமாக மாமா ஏற்கமாட்டார். ஆயினும் உண்மைக் காரணம் இதுவே.

உன்னிடம் மறைக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. கிளப்புக்கு அனுப்பிய நான்கில் ஒரு கோல் திரும்பி வந்துவிட்டது. கைப்பிடியில் பழுதில்லை. முன்பாகத்துக்கு வைத்த வெண்தேக்கு மலைக்காற்றின் ஈரத்தில் வளைந்திருக்கிறது. மரத்தை இன்னும் நெடுநாள் தொங்கவிட்டு உலர்த்தியிருக்க வேண்டும். மாற்றிச் செய்து தருவதாக எழுதியிருக்கிறேன். அவர்கள் மேற்கொண்டு உத்தரவு தருவார்களா என்பது நிச்சயமில்லை.

நகலைப் படித்தேன். எழுதியவர் கவனமில்லாதவர். உன் நகைகளும், தாழக்குடியில் உன் பெயரிலுள்ள வயலும் உன்னைச் சேர்ந்தவை என்று அதில் எங்குமே இல்லை. நாளை என் பக்கத்தார் எவரேனும் உரிமை கொண்டாடினால் நீ கோர்ட்டு ஏற வேண்டியிருக்கும். உன் ஜீவனத்துக்கு நான் பொறுப்பு என்பதும் விடுபட்டிருக்கிறது. இவற்றைச் சேர்த்து, வேண்டிய இடங்களில் சிவப்பு மையால் திருத்தி, இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த வாசகத்தில் இனி எவரும் குறை காண முடியாது.

நாராயணபெருமாள்


பூதப்பாண்டி,
மாசி மாதம் 4

அத்தான்,

திருத்திய பத்திரம் வந்து சேர்ந்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "பாத்தியா மக்கா, கெட்டிக்காரன்தான். தாலியை அறுக்கதுக்கும் கத்தியைச் சாணை பிடிச்சுத் தந்திருக்கான்" என்றார். அவருடைய கோபம்கூடப் போய்விட்டது. அம்மை மட்டும், "ஏட்டி, உனக்கு நல்லதுதானே எழுதியிருக்கு? பின்னே எதுக்கு அழுக?" என்று கேட்டாள். நல்லதை எழுதியதுதான் தாங்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சம்மதமில்லாதவர் அந்தக் காகிதத்தைக் கிழித்திருப்பார். இல்லையென்றால் தொடாமலே திருப்பி அனுப்பியிருப்பார். உட்கார்ந்து குறை தீர்த்து அனுப்புகிறவருக்குச் சம்மதம் என்றுதானே அர்த்தம்? அப்பாவுக்கும் அதுவே அர்த்தமாகப் பட்டது.

மலையிலிருக்கிற துரைமாருக்குக் கை எவ்வளவு நீளம், எப்படிக் குனிந்து நிற்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிகிறது. நான் என்ன கேட்டேன் என்பது மட்டும் தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போங்கள் என்று நான் கேட்கவே இல்லை. வேண்டுமானால் என் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இங்கே பதிவுக் கச்சேரியில் என்று அப்பா ஏற்பாடு செய்திருக்கிறார். நான் வருவேன்.

தாணம்மாள்


நாகர்கோவில்,
19-2-1954

தாணம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. நாளும் நேரமும் இடமும் குறித்துக்கொண்டேன். உன்னை அடையாளம் சொல்ல இரண்டு சாட்சிகளை மாமா அழைத்து வர வேண்டும். இல்லையேல் பதிவு செய்ய மாட்டார்கள்.

உன் விருப்பத்துக்கு நான் குறுக்கே நிற்கக்கூடாது.

நாராயணபெருமாள்


பூதப்பாண்டி,
மாசி மாதம் 14

அன்புள்ள அத்தானுக்கு,

என் விருப்பம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையை மடியில் முடிந்துகொண்டுதான் நேற்றுக் கச்சேரிக்குப் போனேன். எது என் விருப்பம் என்று எனக்கே அங்கே போய்த்தான் தெரிந்தது.

பத்து மணிக்கு நீங்கள் வரவில்லை. "வருவான். ஒரு கேஸுக்கும் பிந்தினவன் இல்ல" என்று அப்பா சாட்சிகளிடம் சொன்னார். நாகர்கோவில் பஸ் ஒவ்வொன்று வரும்போதும் அவர் எழுந்து வாசலுக்குப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மத்தியானம் சாட்சிகளுக்கு அப்பாதான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். நான் எதுவும் வேண்டாம் என்றுவிட்டேன். நேரம் ஆக ஆக அப்பாவுக்கு முகம் கறுத்தது. எனக்கு மூச்சு விட எளிதாகிக்கொண்டு வந்தது. கடைசியில் குமாஸ்தா ஜன்னலைச் சாத்திவிட்டு, "இனி வேறொரு நாள் பாக்கலாம் பிள்ளைவாள்" என்றபோது என் வாய் என்னை அறியாமல் சிரித்துவிட்டது.

"நீ சிரிச்சியா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமா" என்றேன்.

அவர் சாட்சிகளைப் பார்த்து, "நீங்க போங்க" என்றார்.

ஆனால் அத்தான், வழியெல்லாம் எனக்கு வேறொரு பயம். பட்டறை வேலையில் மறந்துபோய்த்தான் நீங்கள் வராமலிருந்தீர்களோ என்று. அப்படியென்றால் அப்பா சொல்வதுதான் நியாயம். கடைத்தெருவில் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் மரியஜான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பாவே அவரிடம் போய், "எங்க மருமகனைக் கண்டீரா?" என்று கேட்டார்.

"வக்கீல் சாரா? காலத்த நம்ம வண்டியிலதான் ஏறினாரு. கறுத்த கோட்டுப் போட்டிருந்தாரு. பூதப்பாண்டிக்கு டிக்கெட் எடுத்துட்டு இறச்சகுளத்துல எறங்கிட்டாரு. 'சார், ஊரு இன்னும் வரல்ல'ன்னேன். 'தெரியும்'னாரு. அடுத்த வண்டிக்குக்கூட நிக்காம, அந்த வெயிலுல நாகர்கோவிலைப் பாத்து நடக்கத் தொடங்கிட்டாரு" என்றார்.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

ஒரு கண்டக்டருக்குக் காட்ட முடிந்ததை எனக்கு ஒரு வரியில் எழுதியிருக்கக் கூடாதா? இதற்கு நான் உங்களிடம் நேரில் சண்டை போடுவேன். இப்போது எழுதினால் ஆறிப்போகும்.

அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. கும்பப்பூ நெல் அறுப்பு நடக்கிறது என்று விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டார். ஆனால் பத்திரத்தை எங்கே வைத்தார் என்று கேட்டதற்கு, "தேடினா கிடைக்காது" என்று அம்மையிடம் சொன்னாராம். தங்கைக்குத் தோவாளையிலிருந்து வேறொரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா உங்களைத் தெரியும் என்றாராம். எந்தப் பெயரால் தெரியும் என்று அம்மை கேட்கவில்லை.

நான் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கோல் செய்து நாம் பிழைத்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது எனக்கு இன்னும் தெரியாது. திரும்பி வந்ததை மாற்றிச் செய்து அனுப்பிவிட்டீர்களா? கிளப்பிலிருந்து பதில் வந்ததா? நல்ல பதிலானாலும் கெட்ட பதிலானாலும் நான் வந்தபிறகு பிரித்துப் படியுங்கள்.

அம்மை பெட்டி நிறைய அரிசியும் வற்றலும் வைத்துக் கட்டுகிறாள். கனமாக இருக்கும். சிலுவைதாசனை அனுப்ப வேண்டாம். வடசேரியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நீங்களே வந்து நில்லுங்கள்.

உங்கள்
தாணம்மாள்