கோட்டையை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்

பாவா,

கதவுக்கு அடியில் தள்ளும் இந்தத் தாளைப் படிக்காமல் கசக்கிவிடாதீர்கள்.

அரக்கோணத்து வேலை போனதிலிருந்து அந்த அறையும் கம்ப்யூட்டரும்தான் உங்களுக்கு. தணிகை மலைக்குக் காவடிகள் நம் தெரு வழியே போனபோதுகூட நீங்கள் ஜன்னலைத் திறக்கவில்லை. மனைவி என்னிடம் பேசுவது, "சாப்பாடு வேணாம்" என்பது மட்டும்.

ஆனால் அந்த ராஜா காலத்துப் போர் விளையாட்டில், புதிதாகச் சேர்ந்த முகம் தெரியாத ஆளுக்கு எவ்வளவு பொறுமையாக எழுதுகிறீர்கள்! "தம்பி, முதல்ல சின்ன நாடாப் பாத்து எடுத்துக்கோ. எல்லார்கிட்டயும் ஒரே நேரத்துல சண்டைக்குப் போவாத. களஞ்சியத்துல நெல்லு தீந்துட்டா படை தானா கலைஞ்சிடும். தோத்தா இன்னா, மறுபடி ஆரம்பிக்கலாம்."

இன்று காலை அவனுக்கு எழுதினீர்கள்: "என் கோட்டை, படை எல்லாத்தையும் நீயே வெச்சிக்கோ தம்பி. எனக்கு இனிமே எதுவும் வேணாம்."

அடுப்படியில் நின்று அதை ஃபோனில் படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நேராக உங்கள் கதவருகே வந்துவிட்டேன்.

அந்தத் தம்பி நான்தான், பாவா. உங்களோடு பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் கோட்டை எனக்கு வேண்டாம். தோற்றால் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்,
உங்கள் தம்பி