வெறுங்கதிரையில் விழுந்த வெளிச்சம்

நேற்று அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வவுனியாவில் ஒரு கடைக்குப் போனேன். நீள வாங்கில் எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் போல அட்டையைத் தொலைத்தவர்கள். கடைக்காரர் முதலாவது ஆளின் படத்தைக் கணினியில் திறந்து, கறுத்துக் கிடந்த முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். பிறகு அந்த வெளிச்சத்தை மவுசால் பிடித்து இழுத்து, அடுத்தவரின் படத்தின்மேல் விட்டார். அடுத்தவரின் முகம் கறுப்பாகவே இருந்தது. தோளுக்கு மேலே, சுவரில், ஒரு வெள்ளைத் திட்டு விழுந்தது. கடைக்காரருக்கு விளங்கவில்லை.

"மாஸ்க்கும் சேர்ந்து வந்திட்டுது. முதல் அதைக் கழட்டுங்கோ," என்றேன், வாங்கில் இருந்தபடியே.

அவர் திரும்பி என் நரைத்த தலையையும், யாரோ கொடுத்த சேலையையும் பார்த்தார். "அம்மாவுக்குப் போட்டோசொப் தெரியுமே?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒரு ஆள் இருந்தவா."

இருந்தவா. உம்மை இறந்தகாலத்தில் வைக்கிற அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. உம்மைப் பற்றிக் கேட்க இதுவரை ஒருவரும் இருக்கவில்லை. அதனால் அதைச் சொல்லவேண்டியும் வரவில்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருஷம் உம்முடைய மச்சாள் லண்டனிலிருந்து வந்து, கொழும்பில் வாங்கிய கணினியை ஒரு வான் வண்டியில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தா. தமையன் விட்டுப்போன ஸ்ரூடியோவில் அதுவரை இருந்தது ஒரு இருட்டறையும் படம் கழுவுகிற மருந்துத் தட்டுகளும்தான். அறுபத்திரண்டு வயதில் நீர் மவுசைப் பிடித்தது, பழுத்த தக்காளியைப் பிடிப்பதுபோல் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றிருந்த காலம். பின்னேரங்களில் உம்முடைய கடையில் வந்திருந்து குறை சொல்வதே என் வேலை.

லேயர் என்றால் என்னவென்று நீர் எனக்கு விளங்கப்படுத்தினது நினைவிருக்கிறது. "கொன்வென்ரிலை படிக்கேக்கை வரைபடத்துக்கு மேலை எண்ணெய்த்தாள் வைச்சுக் கீறினமே, அதுதான். கீழை கிடக்கிற படத்திலை ஒரு கீறும் விழாது. வெளிச்சத்தை மேல் தாளிலை வைக்கிறன். பிடிக்காட்டித் தாளைத் தூக்கலாம். இன்னொரு படத்துக்கு மேலை கொண்டுபோய் வைக்கவும் ஏலும்."

"நீர் தாள் தூக்கிவைச்ச சீர் எனக்குத் தெரியும்," என்றேன். "மகாவலியைக் கடலுக்குள்ளை ஓடவிட்டனீர்."

எட்டாம் வகுப்பில் என் தாளை இரவல் வாங்கி, உம்முடைய கொப்பியில் அரை அங்குலம் தள்ளி வைத்துக் கீறினீர். ஆறுகள் எல்லாம் கிழக்கே நகர்ந்து, கரையைத் தாண்டிப் போயின. சிஸ்ரர் உம்மைப் பாடம் முடியும்வரை நிற்கவைத்தா. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் நான் அதைச் சொல்ல, நீர் கடையில் ஆட்கள் நிற்கத்தக்கதாக வயிற்றைப் பிடித்துச் சிரித்தீர்.

மாஸ்க் பற்றியும் நீர்தான் சொன்னீர். முகத்துக்கு மட்டும் வெளிச்சம் போகவேண்டுமென்றால் மிச்சத்தை மூடிவிடவேண்டும். மூடின அந்த வடிவம் தாளோடு ஒட்டியே இருக்கும். தாள் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

எனக்கும் இவருக்கும் நாற்பதாவது திருமண நாளன்று புதுக் கமெராவோடும் மூன்றுகால் தாங்கியோடும் வீட்டுக்கு வந்தீர். விறாந்தையில் உட்சுவரோரமாக இரண்டு கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டீர். "ரெண்டு பேரும் இருங்கோ," என்றீர்.

"நாற்பது வருஷத்துக்குப் பிறகு என்ன ஒட்டியிருந்து படம்? புது மாப்பிளை பொம்பிளையே? தனித்தனியாய் எடும்," என்றேன் நான்.

இவர் வழக்கம்போல, "ரீச்சர் சொன்னால் சரி," என்றார்.

முதலில் நான் இடப்பக்கக் கதிரையில் இருந்தேன். எடுத்து முடிய எழும்பி உள்ளே போனேன். பிறகு இவர் வந்து வலப்பக்கக் கதிரையில் இருந்தார். "தனியத்தானே எடுக்கிறன், நடுவுக்கு வாங்கோ," என்று நீர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. இவர் சொன்ன மறுமொழியும் கேட்டது. "இல்லை, இருக்கட்டும். அவா வந்தால் இருக்க இடம் வேணும்."

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு அடி தூரம். போகவில்லை. நீர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தீர். பிறகு குனிந்து படத்தை எடுத்தீர்.

அடுத்த வருஷம் கிணற்றடிக்குக் குளிக்கப் போனவர் அங்கேயே சாய்ந்தார். பிறகு எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில், முதற்பக்கத்தில் போட இவருடைய படம் வேண்டும். விறாந்தையில் எடுத்ததுதான் கடைசிப் படம். மடியில் வெயில், முகத்தில் நிழல். என்னுடைய படத்திலும் அப்படித்தான் இருந்தது. அதை நீர் முன்னமே வெளிச்சமாக்கித் தந்திருந்தீர். அன்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தீர். "ஒரே இடம், ஒரே வெயில். உமக்குச் செய்ததைத் தூக்கி இவருக்கு மேலை போட்டால் ரெண்டு நிமிஷ வேலை," என்றீர். இழுத்து விட்டீர். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் வந்து கலியாணப் படம் கேட்க, அவரோடு கதைத்துக்கொண்டே அச்சுக்குக் கொடுத்தீர். சூடு ஆறாத தாளை என் கையில் தந்தீர்.

இவருடைய முகம் இருட்டாகவே இருந்தது. பக்கத்தில், வெறுங்கதிரைக்கு மேலே சுவர் வெளிச்சமாகியிருந்தது. வட்டமாக ஒரு தலை, அதன் பின்னால் ஒரு கொண்டை, கீழே சரிந்த இரண்டு தோள்கள்.

"உதென்ன?" என்றேன்.

"அட, உம்மடை மாஸ்க்கும் வந்திட்டுது. நான் கவனிக்கேல்லை." வாங்கிப் பார்த்தீர். "இஞ்சை பாரும், கொண்டையும் தெரியுது. பக்கத்திலை வந்து இருந்திட்டீர்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உம்மடை படத்தை வெட்டி அந்தக் கதிரையிலை இருத்தி விடட்டே? ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம்," என்றீர்.

"நடக்காததை நடந்தமாதிரிக் காட்ட நான் என்ன பொய்க்காரியே?"

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, படத்தின் பின்பக்கத்தில், 'கவனக்குறைவு. திரும்பச் செய்யவும்' என்று எழுதித் திகதியும் போட்டு, நாலு பேர் பார்க்க மேசையில் வைத்தேன். நீர் வாசித்தீர். "ஓம், ரீச்சர்," என்றீர். சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம் மாஸ்க்கோடு அல்ல. நான் கதவடியில் நின்றதைக் கண்ட ஒரே ஆள் நீர். இவர் எனக்கு இடம் விட்டதையும், நான் போகாததையும் அறிந்த ஒரே ஆள். அதை நீர் ஒருவருக்கும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்தவர் எதிரில் இருப்பது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து ஒரு கடித உறையைத் தந்தீர். திருத்திய படம் நன்றாக இருந்தது. முகம் தெளிவு, வெறுங்கதிரையை வெட்டிவிட்டிருந்தீர். உறைக்குள் பிழையான படமும் இருந்தது. அதை நான் புரட்டிப் பார்க்கவில்லை. என்னுடைய எழுத்துத்தானே பின்னால் இருக்கிறது என்று நினைத்தேன். அகராதிக்குள் அடையாளத்துக்கு வைத்தேன்.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் நீர் இருந்தீர். பின்னேரங்களில் நான் கடைக்கு வந்தேன். பாதை மூடி, மையும் தாளும் வராமல் போய், கணினிக்குத் துணி போர்த்த பிறகும் வந்தேன். அந்தப் படத்தைப் பற்றி நீர் ஒரு நாளும் கேட்கவில்லை.

சண்டை நெருங்கி ஊரே எழும்பி ஓடினபோது, திருத்திச் சட்டம் போட்ட படத்தைச் சுவரோடு விட்டுவிட்டு வந்தேன், திரும்பி வருவோம்தானே என்று. கல்வெட்டுகளும் அலுமாரியோடு போயின. தர்மபுரத்தில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே பொதியை அவிழ்க்க, பக்கத்துக் கொட்டில் பெண், "ரீச்சர் அரிசியை விட்டிட்டு அகராதியைக் கொண்டு வந்திருக்கிறா," என்று சிரித்தா. நீரும் சிரித்தீர். அதற்கு ஒரு கிழமைக்குப் பிறகு உமக்குக் காய்ச்சல் தொடங்கியது.

"சுகம் வரட்டும். நான் உம்மை ஒரு படம் எடுக்கிறன்," என்றேன், உம்முடைய தலைமாட்டில் இருந்து.

"உமக்குக் கமெராவை எந்தப் பக்கத்தாலை பார்க்கிறதெண்டே தெரியாது," என்றீர். அதுதான் நீர் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

எங்கள் ஊரில் கலியாணம் கட்டினவர்கள், பள்ளிக்கூடம் சேர்ந்தவர்கள், செத்தவர்கள் எல்லோரையும் படம் பிடித்தவர் நீர். உம்முடைய படம் ஒன்றும் என்னிடம் இல்லை. வைத்திருக்கக்கூடிய ஆட்கள் யாரென்றும் எனக்குத் தெரியாது. முகத்தை நினைக்கப் பார்க்கிறேன். கணினி வெளிச்சம் பட்ட கண்ணாடிதான் வருகிறது, கண்கள் வருவதில்லை.

பிறகு அகதி முகாமில் ஒரு நாள் அகராதியை வெயிலில் காயவைத்தபோது படம் கீழே விழுந்தது. பின்பக்கம் மேலே பார்க்க விழுந்தது. என் சிவப்பு எழுத்துக்குக் கீழே, பென்சிலில், கொன்வென்ரில் பழகின உம்முடைய சரிந்த எழுத்து:

'திருத்தியாச்சு. இதையும் எறியாமல் வைத்திரும். இவர் விட்ட இடத்தில்தான் உம்முடைய வெளிச்சம் விழுந்திருக்கிறது.'

நாலு வருஷமாக நான் அதை வாசித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் நீர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறீர். வாசித்தும் ஒரு சொல் சொல்லாத சிநேகிதியோடு பின்னேரம் முழுக்க இருந்திருக்கிறீர்.

நேற்றுக் கடையிலும் படம் என் பைக்குள்ளேதான் இருந்தது. இவருடைய முகத்தைத் தெளிவாக்கித் தரும்படி அந்த மனிதரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படத்தைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் புரட்டித்தான் பார்ப்பார்கள். பின்பக்கம் எனக்கு எழுதப்பட்டது.

இப்போது நான் இருக்கிற அறையில் ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் உண்டு. கதிரையில் உடுப்பு வைப்பேன். இன்று காலை உடுப்பை எடுத்துவிட்டு அதில் இருந்து, படத்தை மடியில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். உம்முடைய பென்சில் வரிக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. நீலப் பேனாவால், 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

திகதி போடாத தாள் ஒன்றையும் முப்பது வருஷம் படிப்பித்த காலத்தில் நான் யாரிடமும் வாங்கியதில்லை. இதற்குத் திகதி போடக் கை வரவில்லை. ஐந்து வருஷம் பிந்திவிட்டது என்று நீர் கண்டுவிடுவீரே.