மாங்காய் ஷெட்டில் அயர்லாந்து

இன்று காலை முட்டைக்கோஸை வெண்ணெயில் வதக்கி, மசித்த உருளைக்கிழங்கோடு கிளறினேன். அடுப்படி முழுக்க உன் வாசனை. கடுகுகூடத் தாளிக்காமல் இதை எப்படித் தின்பது என்று முதல்தடவை நான் முகம் சுளித்தபோது, "பச்சமொளகா கடிச்சுக்க புள்ள, அயர்லாந்துக்காரன் இங்க வந்தா பார்க்கப் போறான்" என்றாய். நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது.

ஒன்றாகத்தான் நர்சிங் படித்தோம். நான் ஊருக்குப் பக்கத்திலேயே சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். நீ அயர்லாந்துக்குப் போனாய். பதினோரு வருஷம் கழித்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள நம் ஊர் முதலமடைக்குத் திரும்பினாய். அம்மா போன பிறகும் அண்ணனோடு இங்கேயே இருந்துவிட்டாய். ஆனால் மார்ச் மாதம் வந்தால் அயர்லாந்துக்காரர்களின் பெருநாளை விட மாட்டாய். உங்கள் மாங்காய் தரம் பிரிக்கும் ஷெட்டில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவாய். அதற்கு முன்னால் அந்த நாட்டுக் கதையைச் சொல்வாய், தகரக் குழல் ஊதுவாய், பாடுவாய். காய் பறிக்க வந்தவர்களும் லாரிக்காரர்களும் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்பார்கள்.

உன் அண்ணன் மட்டும் வர மாட்டார். "மாங்கா பறிக்கிற சமயத்துல எந்த நாட்டுக்காரன் நோம்பியோ நமக்கெதுக்கு?" என்பார். உனக்கு அது உறுத்தியது. "அங்க இருந்தப்ப நம்மூர நெனச்சு அழுதேன். இங்க வந்து அந்த ஊர நெனச்சா அண்ணனுக்குப் புடிக்கறதில்ல. நான் எந்த ஊருன்னு சொல்லு புள்ள" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாய்.

பிறகு மாம்பூவெல்லாம் கருகிக் கொட்டிய அந்த வருஷம் வந்தது. ஷெட்டில் தரம் பிரிக்கக் காயே இல்லை. இந்தத் தடவை வேண்டாம் என்று நான் சொல்லியும் நீ படம் போட்டாய். அவர்களுடைய பெரும் பஞ்சத்தைப் பற்றிய பழைய படம். உருளைக்கிழங்குச் செடி கறுத்து அழுகுகிறது. துறைமுகத்தில் கோதுமை மூட்டைகள் கப்பலேறுகின்றன. அன்று வேலையில்லாமல் கதவோரம் வந்து கை கட்டி நின்றிருந்த அண்ணன் மெல்ல உள்ளே வந்தார்.

"வெளஞ்சதக் கப்பல்ல ஏத்தறானே, இந்த சனம் என்னத்தத் திங்கும்?"

"நெலம் ஜமீன்தாரோடதுங்கண்ணா. வெளச்சலும் அவியளுக்குத்தான். பத்து லட்சம் சனம் செத்துப் போச்சு, இன்னும் அத்தன சனம் கடல் தாண்டிப் போயிருச்சு."

அவர் ஒரு கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படம் முடிந்ததும் நீ அந்தக் கோழிப் பாட்டைப் பாடினாய். கடல் தாண்டிப் போன பெண்ணொருத்தி, எங்கள் வீட்டுக் கோழி இன்னமும் வைக்கோற்போரில்தான் முட்டையிடுகிறதா என்று அம்மாவைக் கேட்கும் பாட்டு. நாமிருவரும் உட்கார்ந்து தமிழாக்கியது. அண்ணன் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் திரைக்கு வேட்டியைக் கட்டியவர் அவர்தான்.

உனக்கு நோய் கண்டபோது, அதன் முடிவு என்னவென்று நர்ஸுகளான நம் இருவருக்குமே தெரிந்திருந்தது. அயர்லாந்தில் சாவு வீட்டில் இறந்தவரைத் தனியே விடமாட்டார்கள், பக்கத்தில் அமர்ந்து டீ குடித்து, அவர் கதைகளைச் சொல்லிச் சிரித்து, பாடவும் செய்வார்கள் என்று முன்பே சொல்லியிருந்தாய். "எனக்கும் நீ பாடோணும்" என்றாய். தலையாட்டிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். உறவெல்லாம் கூடியிருக்கும் இடத்தில் கோழிப் பாட்டை எப்படிப் பாடுவது? எடுக்கும் நேரம் நெருங்க நெருங்க, உன்னை ஏமாற்றுகிறோம் என்றே தோன்றியது.

அண்ணன்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மிணி, அவ கோழிப் பாட்டு ஒண்ணு பாடுவாளே. அதப் பாடு."

"இங்கயாங்கண்ணா? சனம் என்ன சொல்லும்?"

"அவளுக்குத்தான பாடறே. பாடு."

பாடினேன். இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. வாசலில் நின்ற காய் பறிக்கும் பெண்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு மனப்பாடமாகியிருந்தது. பாட்டு முடிந்ததும், சின்ன வயதில் நீ அடைக்கோழிக்குப் பவுடர் பூசிய கதையை அண்ணன் சொன்னார். அழுதுகொண்டிருந்த உன் பெரியம்மாதான் முதலில் சிரித்தார்.

முன்பெல்லாம் சாவு வீட்டுக்குப் போனால், என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு ஓரமாக நின்றுவிட்டு வருவேன். இப்போது இறந்தவரின் பக்கத்தில் போய் உட்கார்கிறேன். வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, "அவிய எதுக்கெல்லாமுங்க சிரிப்பாங்க?" என்று கேட்கிறேன். முதலில் திகைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.